ஞாயிற்றுக்கிழமையும் செல்லும்

சனிக்கிழமை இரவு. பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயில் ஒயிட்ஃபீல்டைத் தாண்டியதும் பெட்டியில் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைத்தது. ஒரு மூலையில் சீட்டாட்டம். இன்னொரு மூலையில் துண்டை விரித்துத் தரையிலேயே தூக்கம். எதிர் இருக்கைக்காரரிடம், "நாளைக்குக் காலையில பார்ப்போம்" என்றேன்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை சார். உங்களுக்கு ஆபீஸ் இருக்கா?"

"ஆபீஸ் இல்லை. லால்பாக் பார்க்கப் போறேன்."

"பஸ்ஸுலயா?"

"ரயில்லதான். பாஸ் இருக்கே."

அவர் சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த தன் பாஸை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "டூட்டி இல்லாத நாள்லயும் செல்லும், இல்ல?" என்று சிரித்தார். செல்லும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பதினெட்டு வருடமாக மாதா மாதம் வாங்குகிற சீட்டு. ஆனால் அதை வைத்துக்கொண்டு வேலைக்கு அல்லாமல் வேறு எதற்காகவாவது ரயிலேறலாம் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

சென்ற ஆண்டு பெங்களூரில் எனக்கு ஒரு மாத மொழிபெயர்ப்பு வேலை வந்தது. அங்கே லாட்ஜில் தங்கினால் வாங்கும் கூலி வாடகைக்கே போய்விடும். பங்காருபேட்டையில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் சித்தி வீடு இருக்கிறது. பெங்களூருக்கு அங்கிருந்து ரயிலில் சுமார் 70 கி.மீ. சித்தி வீட்டில் படுக்கை, ரயிலில் மாதப் பாஸ் என்று முடிவு செய்தேன். அந்த ஒரு மாதத்தில் நான் பார்த்த பெங்களூர், அதற்கு முன் இருபது ஆண்டுகளாக வந்து போனபோது பார்த்ததைவிட அதிகம். காரணம் எளிது. ஏற்கெனவே காசு கொடுத்தாகிவிட்டது. எந்த ஸ்டேஷனில் இறங்கினாலும் மேற்கொண்டு ஒரு பைசா கிடையாது.

முதலில் கணக்கு. 2014 ஜூனில் ரயில்வே கட்டணத்தை உயர்த்தியபோது, மாதப் பாஸுக்கு 30 ஒற்றைப் பயணங்களுக்கான கட்டணத்தை வசூலிப்பது என்று அறிவித்தது. மும்பையில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. சில நாட்களிலேயே அந்த முடிவு கைவிடப்பட்டு, சுமார் 15 ஒற்றைப் பயணங்களுக்கான கட்டணம் என்ற பழைய கணக்கே தொடர்ந்தது. அதாவது எட்டாவது நாள் வேலைக்குப் போய்த் திரும்பும்போது பாஸ் போட்ட காசு தேறிவிடும். மாதத்தில் 26 நாள் வேலைக்குப் போகிறவர் 52 முறை பயணம் செய்கிறார். 15 முறைக்குத்தான் காசு கொடுக்கிறார். மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கினால் மும்மடங்கு இல்லை, 2.7 மடங்குதான். 2025 ஜூலையில் மற்ற கட்டணங்கள் ஏறியபோதும் பாஸ் கட்டணத்தில் கை வைக்கவில்லை.

இந்தக் கணக்கிலிருந்தே யாருக்குப் பாஸ் லாபம் என்பதும் தெரியும். வேலூரிலிருந்தோ சேலத்திலிருந்தோ கோலார் தங்கவயல் உறவினர் வீட்டுக்கு வந்து, ஒரு நாள் பெங்களூர் பார்த்துத் திரும்புகிறவர் பாஸ் வாங்குவது வீண். கோடை விடுமுறைக்கு வந்து மூன்று வாரம் தங்கி, ஒன்றுவிட்டு ஒருநாள் பெங்களூர் போகிறவருக்கு லாபம். எட்டு நாள் என்பதுதான் எல்லைக்கோடு.

மொழிபெயர்ப்பாளனுக்குச் சொற்கள் மீது ஒரு கண் எப்போதும் இருக்கும். சீசன் டிக்கெட்டைப் 'பருவச் சீட்டு' என்று தமிழாக்குகிறோம். தங்கவயல்காரர்கள் பாஸ் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். சுற்றிப் பார்ப்பதற்கான தமிழ்தான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. காசுள்ளவர் கிளம்பினால் அது சுற்றுலா. காசில்லாதவர் கிளம்பினால் ஊர் சுற்றுவது. 'ஊர்சுற்றி' என்பது வசைச்சொல். வேலை நாளில் பெங்களூருக்கு ஐந்து மணி நேரம் போக்குவரத்தில் கழிக்கும் மனிதர், ஞாயிற்றுக்கிழமையும் அதே ஊருக்கு ரயிலேறினால் அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள்? எதிர் இருக்கைக்காரரின் தயக்கத்தில் பாதி இதுதான் என்பது பிறகு தெரிந்தது.

அவருடைய அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கிய வயலில், பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது. வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்த தமிழர்கள், பெரும்பாலும் தலித் குடும்பத்தினர், தலைமுறை தலைமுறையாக இறங்கிய இடம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டன. லைன் வீடுகள் இருந்தன, வேலை இல்லை. ஊரிலிருந்து பெங்களூர் போகும் ரயில் இருந்தது.

சங்க இலக்கியத்தில் பொருள்வயிற் பிரிவு என்று ஒரு துறை உண்டு. பொருள் தேடப் பாலைவழியில் போனவன் கார்காலத்தில் திரும்புவான், தலைவி காத்திருப்பாள். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் இந்தப் பிரிவு தினந்தோறும் நடக்கிறது. விடியுமுன் போனவர் இரவில் திரும்புகிறார். பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பி, தூங்கிய பிறகு வருகிறார். காவலாளி, ஹவுஸ்கீப்பிங் ஆள், தையல் தொழிற்சாலைப் பெண், கணினி அலுவலகத்துப் பட்டதாரி என எல்லோரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. 2020 மார்ச்சில் கோவிட் காரணமாகப் பயணிகள் ரயில்கள் நின்றபோது, தங்கவயலின் வருமானமே நின்றது போலாயிற்று.

நண்பர் (இனி அப்படியே சொல்கிறேன்) அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் ஒப்பந்த நிறுவனத்தில் மேற்பார்வையாளர். நிறுவனம் இன்று ஒயிட்ஃபீல்டில் நிறுத்தும், அடுத்த மாதம் சிவாஜிநகரில் நிறுத்தும். எனவே அவர் பாஸைக் கடைசி நிலையமான பெங்களூர் சிட்டி வரை வாங்கி வைத்திருக்கிறார். இது புத்திசாலித்தனம். பாஸ் எந்த இரு நிலையங்களுக்கு இடையிலோ, அதற்குள் ரயில் நிற்கும் எங்கும் இறங்கி ஏறலாம். அவர் பாஸில் ஒயிட்ஃபீல்ட், கிருஷ்ணராஜபுரம், பையப்பனஹள்ளி, கண்டோன்மென்ட், சிட்டி அத்தனையும் அடக்கம். பெங்களூரின் கிழக்கு வாசல் முதல் நடுவீடு வரை திறக்கும் சாவி அது. பதினெட்டு வருடத்தில் அவர் அதைக் கொண்டு கட்டடங்களின் பின்வாசல்களை மட்டுமே திறந்திருக்கிறார்.

"விதான சௌதா பாத்திருக்கீங்களா?"

"பஸ்ஸுல போறப்ப."

"லால்பாக்?"

"சின்ன வயசுல ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க. நான் போகல. அன்னிக்கு அப்பாகிட்டக் காசு இல்ல."

அடுத்த ஞாயிறு அவர் குடும்பத்தோடு கிளம்பினார். நானும் பங்காருபேட்டையில் சேர்ந்துகொண்டேன்.

இந்த ஊர்ப் பெயரே ஒரு மொழிபெயர்ப்பு விபத்து. மைசூர் கமிஷனராக இருந்த லெவின் பௌரிங்கின் பெயரால் ஆங்கிலேயர் இதை பௌரிங்பேட்டை என்றார்கள். மக்கள் வாயில் அது பங்காருபேட்டை ஆகிவிட்டது. பங்காரு என்றால் தங்கம். 1894இல் இங்கிருந்து தங்கவயலுக்கு கிளைப்பாதை போடப்பட்டதால், துரையின் பெயரைவிடத் தங்கத்தின் பெயரே பொருத்தமாகவும் போயிற்று.

குடும்பமாகக் கிளம்பும்போதுதான் பாஸின் குறை தெரிகிறது. அது ஒருவருக்கு மட்டும். பெயர் மாற்ற முடியாது. அடையாள அட்டையோடு சேர்த்துக் காட்ட வேண்டும். நண்பரின் மகள் ஒன்பதாம் வகுப்பு. மாணவியருக்குப் பட்டப்படிப்பு வரை ரயில்வே இலவசப் பாஸ் தருகிறது. ஆனால் அது வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில்தான். அவள் படிப்பதோ தங்கவயலிலேயே. ஆக மனைவிக்கும் மகளுக்கும் டிக்கெட் வாங்க வேண்டும். ஒரு மாற்று உண்டு. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் 'சக்தி' திட்டப்படி, மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்குச் சாதாரண அரசுப் பேருந்துகளில் கட்டணம் இல்லை. தங்கவயலிலிருந்து பெங்களூர் வரை அவர்கள் காசில்லாமல் போகலாம். "அவரு ரயில்ல ஃப்ரீ, நாங்க பஸ்ஸுல ஃப்ரீ. ஒண்ணா போகத்தான் காசு" என்றார் நண்பரின் மனைவி. பெங்களூர் நிலவரத்தை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை. ஒன்றாகப் போவது என்று முடிவாயிற்று. ரயிலுக்கு மட்டும் இரண்டு டிக்கெட். நகருக்குள் பேருந்தில் பெண்கள் இருவரும் ஆதார் அட்டையைக் காட்டினால் போதும்; நண்பருக்கும் எனக்கும் மாநகரப் பேருந்தின் ஒரு நாள் பாஸ்.

டேக்கல் பாறைக் குன்றுகள், மாலூரின் ஓட்டுச் சூளைகள், தேவனகொந்தியின் எண்ணெய்க் கிடங்குகள். மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டாள். அப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது, எத்தனை மணிக்கு எது வரும் என்ற அளவில். பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்துகொண்டு அவரும் இப்போதுதான் பார்க்கிறார்.

கண்டோன்மென்டில் இறங்கினோம். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து மதராஸ் ரயில் வந்து நின்ற நிலையம் இதுதான். அங்கிருந்து பேருந்தில் அல்சூர் ஏரி. ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை. 1991இல் நிறுவப்பட்டு, திறக்க விடாமல் எதிர்ப்புக் கிளம்பியதால் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி கருணாநிதியும் எடியூரப்பாவும் சேர்ந்து நின்று திறந்த சிலை. அதே வாரத்தில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. கதையைக் கேட்டதும் நண்பர் சொன்னார்: "வள்ளுவரைப் பதினெட்டு வருஷம் மூடி வச்சிருந்தாங்க. நானும் பதினெட்டு வருஷமா வந்துட்டிருக்கேன், இப்பதான் பாக்குறேன்."

அடுத்து விதான சௌதா. வெளியிலிருந்துதான் பார்த்தோம், அதுவே போதுமானதாக இருந்தது. அது கட்டி முடிந்தது 1956இல். அதே ஆண்டில்தான் மைசூர் அரசு தங்கச் சுரங்கங்களைக் கம்பெனியிடமிருந்து எடுத்துக்கொண்டது. படிகளுக்கு எதிரே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து சாலையைக் கடந்தால் கப்பன் பூங்கா.

பூங்காவுக்குள் சிவப்பு நிறத்தில் ஒரு நூலகக் கட்டடம் இருக்கிறது. முன்னால் ஒரு சிலை. பெரும்பாலானோர் யாரென்று கேட்காமல் தாண்டிப் போகும் சிலை. திவான் சேஷாத்ரி ஐயர். காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் எடுக்கும் திட்டம் அவர் காலத்தில் உருவானது. 1902இல் அந்த மின்சாரம் முதலில் போய்ச் சேர்ந்த இடம் பெங்களூர் அல்ல, மைசூர் அரண்மனையும் அல்ல. கோலார் தங்கவயல். ஏறக்குறைய 150 கி.மீ. தூரத்துக்குக் கம்பி இழுத்து, சுரங்கத்தின் இயந்திரங்களை ஓட்டினார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905இல்.

இதை நான் சொன்னபோது மகள் நம்பவில்லை. "நம்ம ஊருக்கா முதல்ல கரண்ட் வந்துச்சு?" என்று அப்பாவைக் கேட்டாள். அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. தாத்தா சொல்லியிருக்கிறார். மகளிடம் சொல்ல ஒரு சந்தர்ப்பம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தச் சிலையின் முன்னால் நின்று பத்து நிமிடம் அவர் பேசினார். கூண்டில் இறங்கியது, பாறை வெடிப்பு, சங்கொலி கேட்டு பெண்கள் ஓடிவந்தது எல்லாம். வேலை நாட்களில் தன் மகளோடு அவர் பத்து நிமிடம் பேசுவதே இல்லை என்பதை நினைத்துக்கொண்டேன்.

பக்கத்திலேயே கஸ்தூர்பா சாலையில் விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம். 1962இல் நேரு திறந்து வைத்தது. பள்ளிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதற்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மரத்தடியில் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு லால்பாக் போனோம்.

லால்பாக்கில் எல்லோரும் கண்ணாடி மாளிகையைப் பார்ப்பார்கள். 1889இல் கட்டியது, குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் மலர்க்காட்சி நடக்கும் இடம். நண்பர் நேரே பாறைமேல் ஏறினார். கெம்பே கௌடர் கோபுரம் நிற்கும் அந்தப் பாறை சுமார் 300 கோடி ஆண்டு பழையது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கோலாரின் தங்கம் இருந்த பாறை வேறு வகை, வயதிலும் இளையது. ஆனால் அதைச் சுற்றி வளைத்து நிற்பது லால்பாக் பாறையின் இனம்தான். நண்பர் உட்கார்ந்து பாறையைக் கையால் தடவினார். "இத ஒடைக்கிறதுதான் சார் கஷ்டம். அப்பா சொல்வாரு" என்றார்.

மேலிருந்து பெங்களூர் தெரிந்தது. எந்தெந்தக் கட்டடத்தில் தான் வேலை பார்த்திருக்கிறார் என்று திசையைக் காட்டி மனைவிக்குச் சொன்னார். பதினெட்டு வருடமாக அவர் போய் வரும் இடம் எது என்று அந்தப் பெண்மணி பார்த்தது அன்றுதான்.

பாஸை இப்படிப் பயன்படுத்த நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். ரிசர்வேஷன் பெட்டியில் ஏறக் கூடாது. காலியாக இருந்தாலும் அபராதம் கட்ட நேரும். சூப்பர்ஃபாஸ்ட் வண்டிக்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். 150 கி.மீ. தூரத்துக்கு மேல் பாஸ் கிடையாது. திரும்பும் ரயிலைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பங்காருபேட்டை வரை வண்டிகள் நிறைய உண்டு, அங்கிருந்து மாரிக்குப்பம் கிளைப்பாதையில் குறைவு. ஒயிட்ஃபீல்டிலேயே மெட்ரோ ரயிலுக்கு மாறும் வசதி 2023இலிருந்து இருக்கிறது. நேரம் மிச்சமாகும், ஆனால் 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் உயர்ந்தபின், ரயிலில் மிச்சம் பிடித்த காசு மெட்ரோவில் போய்விடும். நாள் முழுக்கச் சுற்றுபவர் மெட்ரோவின் சுற்றுலா அட்டையை விசாரிக்கலாம். பாஸ் வைத்திருப்பவர் சிட்டி வரை ரயிலிலேயே போய் அங்கிருந்து பேருந்து பிடிப்பது சிக்கனம்.

இனி ரயில்வேக்கு ஒரு வார்த்தை. சுற்றிப் பார்க்கிறவர்களுக்கென்று சீட்டு கொடுக்கத் தெரியாத நிறுவனம் அல்ல அது. வெளிநாட்டாருக்கும் வெளிநாடுவாழ் இந்தியருக்கும் இண்ட்ரெயில் பாஸ் என்று ஒன்று வெகுகாலம் இருந்தது, இப்போது இல்லை. மும்பை புறநகர் ரயிலில் 1, 3, 5 நாட்களுக்குச் சுற்றுலாச் சீட்டு உண்டு. தாராவியிலோ செம்பூரிலோ இருக்கும் வாசகர்கள் ஊரிலிருந்து உறவினர் வரும்போது வாங்கிக் கொடுத்திருக்கலாம். பங்காருபேட்டைத் தடத்தில் அப்படி எதுவும் இல்லை. ஏழைகளை நினைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2009இல் மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்தபோது, மாதம் ரூ. 1,500 வரை வருமானமுள்ள அமைப்புசாராத் தொழிலாளிக்கு ரூ. 25க்கு மாதப் பாஸ் அறிவித்தார். பெயர் 'இஸ்ஸத்'. உருதுவில் கௌரவம் என்று பொருள். நல்ல பெயர். ஆனால் தினமும் பெங்களூர் போய் வேலை செய்கிற எவருக்கும் மாத வருமானம் 1,500 ரூபாய்க்குள் இருக்க முடியாது. அந்த வருமானக்காரருக்கு வேலையே கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

வேறு ஊர்களில் என்ன செய்கிறார்கள்? ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஒரு நாள் சீட்டு உண்டு. ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் மாநிலம் முழுக்க உள்ளூர் ரயில்களில் போகலாம். வேலை நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான், அதாவது அலுவலகக் கூட்டம் கரைந்த பிறகு. சனி ஞாயிறுகளில் நாள் முழுக்க. அதனால் செலவு மிச்சம் பிடிக்கும் குடும்பங்கள் பெருநகரத்தில் அறை எடுக்காமல் பக்கத்துச் சிற்றூரில் தங்கி ரயிலில் போய் வருகிறார்கள். என் சித்தி வீட்டுத் தந்திரம்தான். பெர்லினில் இதைவிட ஒரு படி மேல். அங்கே ஒரு வகை மாதப் பாஸ் வைத்திருப்பவர் வார இறுதியில் இன்னொரு பெரியவரையும் மூன்று பிள்ளைகளையும் தன்னோடு இலவசமாக அழைத்துப் போகலாம் என்று விதி வைத்தார்கள். வாரம் முழுக்க உழைக்கப் போகிறவன் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போகட்டும் என்று யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

நம் ரயில்வேயால் இது முடியாதா? வேலை நாளில் கால் வைக்க இடமில்லாத அதே பெட்டிகள் ஞாயிறன்று இடம் இருக்கவே ஓடுகின்றன. ஓடுவதற்கான செலவு எப்படியும் ஆகிறது. மாதப் பாஸ் வைத்திருப்பவரின் மனைவி, கணவர், பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அதே பாஸில் அனுமதித்தால் இழப்பு பெரிதாக இருக்க முடியாது. இருந்தாலும், தங்கவயல் அரசுக்குக் கொடுத்ததோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை. பெங்களூரின் புறநகர் ரயில் திட்டம் 2020இல் ஒப்புதல் பெற்று, 2022இல் அடிக்கல் நாட்டப்பட்டு, மெதுவாக நடக்கிறது. அது ஒருநாள் பங்காருபேட்டைக்கு வரட்டும், நல்லது. ஞாயிற்றுக்கிழமைச் சலுகைக்குத் தண்டவாளம் போட வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

அன்று இரவு பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கு வெளியே இறங்கி, இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த பானிபூரி சாப்பிட்டோம். இங்கே பானி பச்சையாக இருக்காது. கண்ணாடி போலத் தெளிந்திருக்கும், வாயில் வைத்தால்தான் காரம் தெரியும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நண்பர் செலவைக் கூட்டினார். இரண்டு ரயில் டிக்கெட், ஒரு பேருந்து பாஸ், அருங்காட்சியக நுழைவு, லால்பாக் நுழைவு, பானிபூரி. "ஒரு சினிமாவுக்குப் போயிருந்தா இதைவிட ஆயிருக்கும்" என்றார் மனைவி. அக்கம்பக்கத்தில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். "ஊர் சுத்தப் போனோம்னு சொல்லுவேன்" என்றார்.

என் வேலை முடிந்த கடைசிச் சனிக்கிழமை, அதே இரவு ரயில். என் பாஸ் மறுநாளோடு முடிகிறது என்று சொன்னேன். நண்பர் தன்னுடையதை எடுத்துத் தேதியைப் பார்த்தார். சாதாரணமாக அவர் மீதி நாட்களை எண்ணுவார். எத்தனை டூட்டி என்று பார்ப்பார். அன்று விரல் விட்டு வேறு எதையோ எண்ணினார்.

"எனக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு சார்" என்றார். "ரெண்டு ஞாயித்துக்கெழமை."